கணக்குக்கும் கதவடைப்பா?

2024-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டிலே, பாத் என்னும் நகரிலே, உலகக் கணித ஒலிம்பியாட் நடந்தது. இந்தியாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் போனார்கள். நான்கு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு பாராட்டுச் சான்று! நாடுகளின் வரிசையிலே நான்காவது இடம்! 1989-லே முதன்முதலாக இந்தப் போட்டிக்கு ஆள் அனுப்பிய நாள்தொட்டு அதுவரை இவ்வளவு உயர்ந்த இடம் நமக்குக் கிடைத்ததில்லை. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவிலே மூன்று தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம், ஏழாவது இடம்.

ஏடுகள் புகழ்ந்தன, அமைச்சர்கள் வாழ்த்தினார்கள். நாமும் வாழ்த்துகிறோம், மனமார வாழ்த்துகிறோம். இரவு பகலாக மூளையைக் கசக்கிய பிள்ளைகள் அவர்கள். அவர்கள்மீது நமக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால், கைதட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டிலே ஆறு பேரைப் பொறுக்கி எடுக்கிறார்களே, அந்த வாசலிலே கைத்தறி நெய்பவன் மகள் நின்றாளா? துறைமுகத்திலே மூட்டை இறக்குபவன் மகன் நின்றானா? தோற்றுப் போனார்களா என்று கேட்கவில்லை தோழர்களே, வரிசையிலே நிற்கவாவது செய்தார்களா என்று கேட்கிறோம்!

ஆலையிலே கதவடைப்பு என்றால் நமக்குத் தெரியும். நோட்டீஸ் ஒட்டுவான், கேட்டிலே பூட்டுத் தொங்கும், பக்கத்திலே போலீஸ் வண்டி நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற கதவடைப்பு அது. கொடி பிடித்து எதிரே உட்காரலாம். இதுவோ பூட்டே இல்லாத கதவடைப்பு! கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் அந்தக் கதவு எந்தத் தெருவிலே இருக்கிறது என்று நம் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தெரியாத ஒன்றைத் திட்டுவது நம் வழக்கமல்ல.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் முதற்படித் தேர்வை எழுதலாம். ஐ.ஓ.க்யூ.எம். என்று அதற்குப் பெயர். அண்மை ஆண்டுகளிலே செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே நடக்கிறது. மூன்று மணி நேரம், முப்பது கணக்கு. அதிலே தேறியவர்கள் மண்டலத் தேர்வு எழுதுகிறார்கள். அதிலும் தேறியவர்களுக்கு ஜனவரியிலே தேசியத் தேர்வு. அதிலும் தேறிய சில பத்துப் பேரை மும்பையிலே உள்ள ஓமி பாபா அறிவியல் கல்வி மையத்திலே, கோடையிலே, முகாம் வைத்துப் பயிற்றுகிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் சர்க்கார் பொறுப்பு. முகாமிலே மீண்டும் தேர்வுகள் வைத்து ஆறு பேரைப் பிரிக்கிறார்கள். ஜூலையிலே அந்த ஆறு பேர் உலகப் போட்டிக்குப் போகிறார்கள். அங்கே இரண்டு நாள். நாளொன்றுக்கு நாலரை மணி நேரம், மூன்று கணக்கு. ஒரு கணக்குக்கு ஏழு மதிப்பெண். மொத்தம் 42.

மேற்படிகளைப் பற்றி நாம் குறை சொல்லவில்லை. மும்பை முகாமிலே யாருக்கும் பரிந்துரைக் கடிதம் செல்லாது, பணம் செல்லாது. கணக்குப் போடத் தெரிந்தவன் மேலே போகிறான். நேர்மையான வேலை. கோளாறு முழுவதும் கீழே இருக்கிறது, முதற்படிக்கும் கீழே! தேர்வு உண்டு என்ற செய்தியை எந்தப் பிள்ளை அறிகிறது? எந்தப் பள்ளி பெயர் கொடுக்கிறது? நுழைவுக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? பழக்குவதற்கு ஆசிரியர் யார்? ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பது மும்பையிலே என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் அறையிலே, ஒரு சுற்றறிக்கை படிக்கப்படுவதிலும் படிக்கப்படாமல் கிடப்பதிலும் முடிந்துவிடுகிறது.

“அது பெரிய படிப்பாளிகளின் சமாசாரம், நமக்கெதற்கு?” என்று சொல்லும் தோழருக்கு ஒரு கணக்குத் தருகிறோம். ஷிப்டு முடிந்து டீக்கடையிலே உட்காரும்போது போட்டுப் பாருங்கள்.

எட்டடிக்கு எட்டடி அறை ஒன்று. எதிரெதிர் மூலைகள் இரண்டிலே ஓரடிக்கு ஓரடித் தூண் நிற்கிறது. மீதித் தரைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள கற்கள் வந்திருக்கின்றன. கல்லை வெட்டக்கூடாது, உடைக்கக்கூடாது. முடியுமா?

தரை 62 சதுர அடி. கல் ஒன்றுக்கு 2 சதுர அடி. ஆகவே 31 கல் போதும், முடியும் என்று தோன்றுகிறது அல்லவா? நல்ல கொத்தனாரிடம் கொடுத்தால் ஒரு பொழுது முழுவதும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். வராது. ஆயிரம் கொத்தனார் வந்தாலும் வராது! ஏன்?

தரையைச் சதுரங்கப் பலகைபோல் ஓரடிக் கட்டங்களாக்கிக் கறுப்பு வெள்ளை அடித்துப் பாருங்கள். எப்படி வைத்தாலும் ஒரு கல் ஒரு கறுப்புக் கட்டத்தையும் ஒரு வெள்ளைக் கட்டத்தையும்தான் மூடும். ஆக 31 கல்லும் 31 கறுப்பு, 31 வெள்ளையை மூடியாக வேண்டும். ஆனால் எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம்! தூண்கள் இரண்டும் ஒரே நிறத்தைத் தின்றுவிட்டன. மிஞ்சியிருப்பவை ஒரு நிறத்திலே 32, மற்றொரு நிறத்திலே 30. இது எங்கே பொருந்தும்?

இதுதான் இந்தப் போட்டிக் கணக்கின் சாயல். உலகப் போட்டியிலே வருபவை இதைவிடப் பன்மடங்கு கடினம். இது பழகத் தொடங்கும் பிள்ளைக்கான கணக்கு. ஆனால் தன்மை ஒன்றே. பெரிய வாய்பாடு தேவைப்பட்டதா? இங்கிலீஷ் தேவைப்பட்டதா? வேண்டியதெல்லாம் ஒரு கணம் நின்று, “வேறு விதமாகப் பார்த்தால் என்ன?” என்று கேட்கும் மனம். அந்த மனம் பங்களாவிலே மட்டும் பிறக்கிறது என்று சொல்ல எவனுக்குத் துணிவு உண்டு? தறியிலே பாவு எண்ணும் வீட்டிலே, மார்க்கெட்டிலே காகிதமில்லாமல் கணக்குச் சொல்லும் வீட்டிலே அது இல்லையா?

மனம் இருக்கிறது. பழக்கம் இல்லை. இத்தகைய கணக்கைப் பழகாத பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும், முதல் நாள் கேள்வித்தாளைப் பார்த்தால் திகைத்துப் போவான். பழகியவனோ இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தனிப் பயிற்சி நிலையத்திலே இதையே செய்துவருகிறான். அந்தப் பயிற்சிக்கு ஓர் ஆண்டிலே கட்டும் பணம் நம்மில் பலருக்குப் பல மாதக் கூலி. தகுதி, திறமை என்று மேடைதோறும் முழங்குகிறார்களே கனவான்கள், ஒருவனைப் பந்தயத் திடலிலே மூன்றாண்டு ஓடவிட்டு, மற்றவனுக்குப் பந்தயம் நடக்கும் செய்தியையே மறைத்துவிட்டு, முடிவிலே கடிகாரத்தைக் காட்டித் “தகுதி” என்பது என்ன நியாயம்?

இடையிலே இன்னொரு கொள்ளையும் நடக்கிறது. தோழர்கள் கவனமாக இருக்க வேண்டும். “ஒலிம்பியாட்” என்ற பெயரை ஒட்டவைத்துக்கொண்டு பல தனியார் கம்பெனிகள் பள்ளிகளிலே தேர்வு நடத்துகின்றன. கட்டணம் வாங்கி, பளபளக்கும் பதக்கமும் சான்றிதழும் தருகின்றன. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தாய்மார்கள் கட்டும் பணம் அது. அந்தத் தேர்வுகளுக்கும் நாட்டின் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஒலிம்பியாட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை! அதிலே ஆயிரம் பதக்கம் வாங்கினாலும் மும்பை முகாமின் வாசலை எட்ட முடியாது. மெய்யான தேர்வின் பெயரை அறியாத வீட்டிலே போலித் தேர்வின் சான்றிதழ் சுவரிலே தொங்குகிறது.

சரி, பதக்கம் வராவிட்டால் என்ன, குடியா முழுகிப்போகும் என்று கேட்கலாம். பதக்கத்தோடு முடிந்திருந்தால் நாமும் விட்டுவிடுவோம். பதக்கத்துக்குப் பின்னாலே இடம் இருக்கிறது, கல்லூரி இடம்! சென்னையை அடுத்த சிறுசேரியிலே உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், தேசியக் கணித ஒலிம்பியாட்டிலே தேறியவர்களை நுழைவுத் தேர்வில்லாமலே சேர்த்துக்கொண்டு வருகிறது. இந்தியப் புள்ளியியல் கழகம் அவர்களுக்கு எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு அளித்து வந்திருக்கிறது. 2025-லே சென்னை ஐ.ஐ.டி.யும், ஜே.இ.இ. மேல்நிலைத் தேர்வின் வரிசைக்கு வெளியே, ஒலிம்பியாட் பிள்ளைகளுக்கென்று தனி வாசல் திறந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் புது வாசலுக்குள்ளும் பழைய கூட்டமே நுழையும் என்றால், நம் பிள்ளைக்கு இருந்த கதவடைப்புகளோடு இன்னொன்று சேர்ந்தது என்றுதானே பொருள்?

அதே வேளையிலே இருந்த சன்னல்களும் சாத்தப்பட்டன. 1963-லே தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம் பிள்ளைகளுக்குப் படிப்புதவி தந்துவந்தது. முதற்கட்டத்தை அந்தந்த மாநிலமே நடத்தும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர்க்கு ஒதுக்கீடும் இருந்தது. 2021-லே நிறுத்தினார்கள்! அறிவியல் படிக்க வருவோருக்கான கே.வி.பி.ஒய். என்ற உதவித் திட்டமும் 2022-லே மூடப்பட்டு வேறொன்றோடு கலக்கப்பட்டது. உச்சியிலே ஆறு பேருக்கு மாலை, அடிவாரத்திலே ஆயிரக்கணக்கானோருக்கு இருந்த ஏணி பறிமுதல்!

மற்ற நாடுகளிலே எப்படித் தொடங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் போட்டி சீமான்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததல்ல. 1894-லே ஹங்கேரி நாட்டிலே பள்ளி முடித்த பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி தொடங்கியது. அதே ஆண்டு, கியோர் என்னும் ஊரிலே டேனியல் அரானி என்ற பள்ளிக்கூட வாத்தியார், கணக்குக்கென்றே ஒரு மாத ஏடு வெளியிட்டார். ஏட்டிலே கணக்கு வரும். எந்த மூலையிலே இருக்கும் பிள்ளையும் போட்டுத் தபாலிலே அனுப்பலாம். நன்றாகப் போட்டவர்களின் பெயர் அச்சாகும், பிறகு படமும் அச்சாகும். ஒரு வாத்தியார், ஓர் ஏடு, ஓர் அஞ்சல் தலை! அந்தச் சிறிய நாடு உலகுக்குக் கொடுத்த கணித மேதைகளின் பட்டியல் நீண்டது.

சோவியத் நாட்டிலே 1934-லே லெனின்கிராடிலும், மறு ஆண்டு மாஸ்கோவிலும் போட்டி தொடங்கியது. போட்டிக்கு முன்னே வட்டங்கள். பல்கலைக்கழகத்திலே கட்டணமில்லாமல் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்குப் பழக்கினார்கள். கல்மகோரவ் என்ற பெருங்கணித அறிஞர் 1963-லே மாஸ்கோவிலே விடுதிப் பள்ளி ஒன்றை உருவாக்கியபோது, தலைநகரத்துப் பிள்ளைகளுக்காக அல்ல, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கினார். மறு ஆண்டு கெல்ஃபாண்ட் என்ற மற்றோர் அறிஞர், பெரிய நகரங்களுக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக அஞ்சல்வழிக் கணிதப் பள்ளி நடத்தினார். அந்த நாட்டின் கறையையும் மறைக்க வேண்டியதில்லை. பின்னாளிலே, எழுபதுகளிலே, அதே மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்விலே யூதப் பிள்ளைகளுக்கு மட்டும் தீர்ப்பதற்கு மிகக் கடினமான கணக்குகளைப் பொறுக்கிக் கொடுத்து வெளியே தள்ளினார்கள். கேள்வித்தாள் எல்லோர்க்கும் பொது என்று நம்பி வாசலைக் கவனிக்காமல் விட்டால், எந்த நாட்டிலும் இது நடக்கும்.

1959-லே ருமேனியாவிலே முதல் உலகப் போட்டி கூடியபோது வந்தவை ஏழே நாடுகள். ஏழும் கிழக்கு ஐரோப்பியப் பொதுவுடைமை நாடுகள். அமெரிக்கா 1974-லேதான் வந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு நாட்டைத்தான் நம் தோழர்கள் நினைவிலே வைக்க வேண்டும்: வியத்நாம்! தலைக்குமேலே குண்டு விழுந்துகொண்டிருந்த 1965-லே ஹனாய் பல்கலைக்கழகம் கணிதத்துக்கென்று தனிப் பள்ளி வகுப்பு தொடங்கியது. குண்டுக்கு அஞ்சிப் பல்கலைக்கழகத்தையே மலைப்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். வகுப்பும் கூடவே போனது. போர் இன்னும் ஓயாத 1974-லே ஐந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம்! அந்த ஹனாய்ப் பள்ளி மரபிலே பயின்று, 1988, 1989 ஆகிய இரண்டு ஆண்டும் தங்கம் வாங்கிய நோ பாவ் சாவ், பிறகு பிரான்சு சென்று ஆராய்ச்சி செய்து, 2010-லே கணிதத்தின் தலைசிறந்த பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அதை வாங்கியது எந்த ஊரிலே தெரியுமா? நம் ஹைதராபாத்திலே!

பணம் இல்லை என்று நம் ஆளவந்தார்கள் சொன்னால், அந்த மலைப்புறத்து வகுப்பை நினைவூட்டுங்கள்.

எதிர்க்கட்சிக்காரன் கேட்பதைவிட நம் தோழர் கேட்கும் கேள்விதான் கனமானது. “பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைக் கட்டி மேய்க்கிறார், எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு வகுத்தல் தடுமாறுகிறது. இதற்கு நடுவே ஒலிம்பியாட் ஒரு கேடா?” என்கிறார். கூரைக்காகப் போராட வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த ஒழுகும் கூரைக்கடியிலே, பாடப் புத்தகத்துக் கணக்கை ஒரு வாரத்திலே முடித்துவிட்டுச் சன்னல் வழியே காக்கையை எண்ணிக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு என்ன பதில்? கூரை மாற்றும்வரை காத்திரு என்பதா? வயது காத்திருக்குமா? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் அவளுக்கு இந்த வாசல் நிரந்தரமாக மூடிவிடும். பெண்களுக்கென்று ஐரோப்பாவிலே நடக்கும் கணித ஒலிம்பியாட்டுக்கு 2015 முதல் இந்தியாவும் நால்வரை அனுப்பி வருகிறது. அந்த நால்வரிலே ஒருத்தியாக அவள் ஏன் இருக்கக்கூடாது?

ராமானுஜனைச் சொல்லி மகிழ்வார்கள். டிசம்பர் 22 வந்தால் தேசியக் கணித நாள். விழா, மாலை, சொற்பொழிவு. அவர் கல்லூரித் தேர்விலே தோற்றவர். 1912-லே சென்னைத் துறைமுகத்திலே மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தா. அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரிக்குக் கணக்கு தெரிந்திருந்தது. அதனாலே விஷயம் வெளியே வந்தது. அவர் இருந்த நாற்காலியிலே கணக்கு தெரியாத ஒருவர் இருந்திருந்தால்? அதே துறைமுகத்திலே, அதே ஆண்டுகளிலே, மூட்டை தூக்கியவர்களிலே யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க யாரும் உட்காரவில்லை.

அந்த ஆறு பேரிலே ஒதுக்கீடு கொடு என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது எளிதானது, இன்றே செய்யக்கூடியது. எட்டாம் வகுப்பிலே என்.எம்.எம்.எஸ். என்ற படிப்புதவித் தேர்வு நடக்கிறதே, அது சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. பெற்றோர் வருமானத்துக்கும் வரம்பு உண்டு. தேறியவர்க்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடெங்கும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் இடம். தமிழ்நாட்டின் பங்கு 6,695. தமிழிலேயே எழுதலாம். ஆக, ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பட்டியல், ஊர் பெயரோடு, பள்ளிப் பெயரோடு, ஆண்டுதோறும் சர்க்காரின் மேசையிலேயே இருக்கிறது! அவர்கள் ஒன்பதாவதுக்கு வந்ததும் அந்தப் பட்டியலை அப்படியே ஒலிம்பியாட் முதற்படித் தேர்வுக்குப் பதிவு செய். கட்டணத்தைச் சர்க்கார் கட்டட்டும். வட்டத்துக்கு ஒரு பள்ளியிலே சனி, ஞாயிறு கணித வட்டம் நடத்தட்டும். நடத்தும் ஆசிரியர்க்கு வேறு வேலைச் சுமையைக் குறைத்து ஊதியம் கொடுக்கட்டும். ஆசிரியர் தலையிலே இலவசமாக ஏற்றுவதை நாம் ஒப்பமாட்டோம்.

மொழியும் அப்படியே. உலகப் போட்டியிலே பிள்ளை தன் தாய்மொழியிலே கேள்வித்தாளைப் பெற்று, தாய்மொழியிலேயே விடை எழுதலாம். அது அந்தப் போட்டியின் விதி. உச்சியிலே உள்ள அந்த உரிமை, நம் நாட்டுத் தேர்வின் முதற்படி தொடங்கி ஒவ்வொரு படியிலும் தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் வேண்டும்.

சர்க்கார் அசையும்வரை சங்கக் கிளைகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இரண்டு தோழர்கள் தலைமை ஆசிரியரைப் பார்த்து, “ஐயா, இந்த ஆண்டு ஒலிம்பியாட் பதிவு எப்போது? நம் பள்ளியிலிருந்து யார் பெயர் போகிறது?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பழைய கேள்வித்தாள்கள் ஓமி பாபா மையத்தின் இணையப் பக்கத்திலே காசில்லாமல் கிடைக்கின்றன. அச்செடுத்துச் சங்க அலுவலகப் பெஞ்சிலே வையுங்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஊருக்கு ஒருவர் இருப்பார், போய் அழையுங்கள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை, மையம் பெரும்பாலும் நகரத்திலே. அன்று ஷிப்டு இல்லாத தோழர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வரட்டும். பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் சங்கக் கணக்கிலே எழுதட்டும்.